கரண்டியில் ஒரு துளை

6

சூப் நிரம்பிய ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டைத் திறந்து வெளியே வந்தபோது, சர்வேயரின் ஸ்கூட்டர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது.

“துப்பறியறவங்களா?” என்றாள் அவள். “எங்க அண்ணி கூப்பிட்டிருப்பாங்க. போங்க, உள்ளேதான் உட்கார்ந்திருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது நான் சமைச்சது. அவங்க நிழல்கூட இது மேல படலை. எங்க அப்பா இனிமே என் கையாலதான் சாப்பிடுவார்.”

பதிலுக்குக் காத்திராமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

“உப்பு, காரம் எல்லாத்தையும் பேச்சுலயே கொட்டிட்டாங்க, பாஸ்,” என்றாள் வாலு, ஹெல்மெட்டைக் கழற்றியபடி. “சூப்புல போட ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

சர்வேயர் என்பது அவர் பெயரல்ல. எரிந்துபோன கிடங்குகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்வையிட்டு, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைக்கப்பட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம். வேலையை விட்ட பிறகும் பட்டம் விடவில்லை. அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனதால் அவருடைய உதவியாளருக்கு வாலு என்று பெயர் வந்தது. வாய்த்துடுக்கும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

அன்று காலை போன் வந்திருந்தது. பேசியவள் அழவில்லை. “என் மாமனாருக்கு விஷம் வச்சேன்னு என்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. நான் வைக்கலை. யார் வச்சதுன்னும் எனக்குத் தெரியலை. வந்து பாருங்க,” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கூடத்தில் இன்ஸ்பெக்டர் அமர்ந்திருந்தார். சர்வேயரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் பாதி தூக்கினார். பழைய பழக்கம், அவ்வளவு மரியாதை போதும் என்ற கணக்கு.

“லேட்டா வந்திருக்கீங்க, சர்வேயர் சார். கேஸ் முடிஞ்ச மாதிரிதான்.”

“முடிஞ்ச கேஸ்ல நீங்க ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க?”

“பெண் போலீஸ் வரணும். வந்ததும் கிளம்பிடுவோம்.” இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “அரளி. டாக்டர் சந்தேகமில்லாம சொல்லிட்டார். இந்த வீட்டுப் பின்பக்க வேலி முழுக்க அரளிச்செடி. வீட்டுல மத்த மூணு பேரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிடறாங்க. பெரியவருக்கு மட்டும் இதயக் கோளாறுன்னு உப்பில்லாம, எண்ணெயில்லாம தனியா ஒரு சூப். அதுக்குத் தனிப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை இந்த வீட்டுல தொடறது மருமக ஒருத்திதான். பெரியவருக்கு மட்டும் வாந்தி, மயக்கம், நாடி இறங்குது. வேற யார் மேல சந்தேகப்படச் சொல்றீங்க? புருஷனே வாக்குமூலம் குடுத்துட்டான்.”

“என்னன்னு?”

“அப்பாவுக்கும் இவளுக்கும் ஆகாதுன்னு.”

வாலு வாயைத் திறந்தாள். சர்வேயர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

மருமகள் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையலறைக்குப் பத்தடி தூரம். ஆனால் அந்தப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“உள்ளே போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க,” என்றாள்.

“யாரு?”

“அவர்தான். மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கே சொல்லிட்டார். அதுக்கப்புறம் அடுப்பு நாத்தனார்கிட்ட போயிடுச்சு.”

“அதுக்கப்புறம் உங்க மாமனார் எப்படி இருக்கார்?”

“முதல்ல ஊசி, மருந்துன்னு போட்டதுல நல்லாத் தெளிஞ்சுட்டார். வீட்டுச் சாப்பாடு குடுக்கலாம்னு டாக்டரே சொன்னார். நேத்து நாத்தனார் சூப் கொண்டு போனா. இன்னைக்குக் காலையில மறுபடி மோசமாயிடுச்சு.” அவள் நிறுத்தினாள். “நேத்து நானும் போய்ப் பார்த்தேன். கதவுகிட்டயே நின்னுட்டு வந்துட்டேன். அதுக்குள்ள நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்றாங்க.”

சர்வேயர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “அடுப்பு கை மாறிடுச்சு. விஷம் மாறலை. இது உங்களுக்கு உறுத்தலையா?”

“உறுத்துச்சு. அதனாலதான் சமையலறையில இருந்த காய், மிளகு, தண்ணி, சூப் பாத்திரம் எல்லாத்தையும் சோதனைக்கு அனுப்பினேன். ஒண்ணுமில்லை. அப்ப கதவுகிட்ட நின்ன கைதான் மிச்சம்.”

சர்வேயர் சமையலறைக்குள் நுழைந்தார்.

சுத்தமான சமையலறை. அடுப்பின் மேல் ஒட்டாத பூச்சுள்ள சின்னப் பாத்திரம் ஒன்று. பழையதை போலீஸ் கொண்டுபோனதால் நாத்தனார் புதிதாக வாங்கியது. தொட்டியில் சில தட்டுகள். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி. அதில் கழுவித் தொங்கவிட்ட மரக்கரண்டி. அதன் நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன போட்டீங்கன்னு உங்களை எல்லாரும் கேட்டிருப்பாங்க,” என்றார் உள்ளிருந்தே. “எதால கிண்டினீங்கன்னு யாராவது கேட்டாங்களா?”

மருமகள் தலையை நிமிர்த்தினாள். “கரண்டியாலதான்.”

“இந்தக் கரண்டியா?”

“ஆமாம். இரும்புக் கரண்டி போட்டா அந்தப் பாத்திரத்துல பூச்சு போயிடும். மத்த பாத்திரத்துக்கெல்லாம் எவர்சில்வர். இது மாமாவோட சூப்புக்கு மட்டும். அடுப்புல கொதிக்கும்போது அதுலயே கிடக்கும்.”

வாலு அதைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். கைப்பிடி வாத்தின் கழுத்தைப் போல வளைந்து, முனையில் ஒரு சின்னத் தலையாக முடிந்திருந்தது. தலையில், கண் இருக்க வேண்டிய இடத்தில் துளை.

“அழகா இருக்கே! எங்க வாங்கினது?”

“கல்யாண நாளுக்கு அவர் வாங்கிட்டு வந்தார். டவுன்ல ஏதோ பெரிய கடையில. அந்தக் கொக்கியும் அவரே அடிச்சுக் குடுத்தார்.” அந்தச் சமயத்திலும் அவள் குரலில் ஒரு மெல்லிய பெருமை இருந்தது. அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

சர்வேயர் கரண்டியைத் திருப்பினார். கைப்பிடியின் அடியில் சூடு வைத்தது போல ஒரு பிறைக் குறி. அவர் கூடத்துக்கு நடந்தார். உள்ளே வரும்போதே கவனித்திருந்த கண்ணாடி அலமாரியின் முன் நின்றார்.

அலமாரி முழுக்க மரத்தில் செதுக்கிய சாமான்கள். கிண்ணங்கள், கரண்டிகள், ஒரு கோணல் குதிரை.

“மாமா பண்ணினது,” என்றாள் மருமகள். “ரிட்டயர் ஆனதுலேர்ந்து டயர் கடைக்குப் பின்னால இருக்கிற பட்டறையில செதுக்கல் வகுப்புக்குப் போறார். யாரையும் தொட விட மாட்டார். தூசி தட்டக்கூட.”

“தெரியுது,” என்றாள் வாலு.

தட்டுகளில் தூசி படர்ந்திருந்தது. மேல்தட்டில் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே தூசியில்லாத ஒரு இடம். வாத்துக் கழுத்தின் வளைவோடு, யாரோ அச்சுவைத்து எடுத்தது போல. வாலு கரண்டியை அதன் மேல் பிடித்தாள். நிழல் பொருந்தியது.

பக்கத்துக் கரண்டியின் அடியிலும் அதே பிறைக் குறி.

“டவுன்ல பெரிய கடை இந்த அலமாரிதான் போலிருக்கு,” என்றாள் வாலு மெதுவாக. “யாரோ நல்லா காது குத்தியிருக்காங்க, பாஸ்.”

“கரண்டிக்கும் குத்தியிருக்காங்க. இதைப் பார்.” அலமாரியில் இருந்த எந்தக் கரண்டியிலும் துளை இல்லை. “ஒரு மனுஷன் கரண்டி எங்கேர்ந்து வந்ததுங்கறதுல பொய் சொல்வானா? எதுக்கு?” அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்க. வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.”

“பெத்த பொண்ணு சமைச்சதை நிறுத்துன்னு எந்தக் காரணம் சொல்றது? கரண்டி அழகா இருக்குன்னா?”

சர்வேயர் கரண்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். “பட்டறை எந்தப் பக்கம்?”

“ஆஸ்பத்திரி போற வழியிலதான்,” என்றாள் மருமகள்.

“அப்ப காரணத்தோட போன் பண்றேன்.”

*

டயர் கடையின் ரப்பர் நாற்றம் முடியும் இடத்தில் மர வாசனை தொடங்கியது. பட்டறை மாஸ்டர் நெட்டையான மனிதர். சட்டைப் பையில் தன் படம் போட்ட விசிட்டிங் கார்டு கட்டாக நீட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் சேர வந்தவர்கள் என்று நினைத்து மலர்ந்தார். பையிலிருந்து கரண்டி வெளியே வந்ததும் சுருங்கினார்.

“இது நம்ம பட்டறையில செஞ்சது இல்லை.”

“அடியில உங்க குறி இருக்கு.”

“குறி என்னுதுதான். ஓட்டை என்னுது இல்லை.”

“ஓட்டைக்குக்கூட அப்பா அம்மா உண்டா?” என்றாள் வாலு.

“விளையாடாதீங்கம்மா. எங்க பட்டறையில அதுதான் முக்கியம்.” மாஸ்டர் சுவரில் வரிசையாகத் தொங்கிய கரண்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் துளை. “மரம் என்ன மரம்னு நிச்சயமாத் தெரிஞ்சு, சாப்பாட்டுக்கு ஆகும்னு நானே முடிவு பண்ணினாத்தான் துளை. அதையும் நான் ஒருத்தன்தான் போடுவேன். துளை இருந்தா சமையலறையில தொங்கலாம். இல்லைன்னா அலமாரியில உட்காரணும். பூங்காவுல வெட்டிப் போட்டது, வேலியில கழிச்சது, பேர் தெரியாத மரம் எல்லாம் கை பழக உதவும். வாய்க்கு உதவாது.”

“இது?”

மாஸ்டர் கரண்டியை வாங்கவில்லை. அங்கிருந்தே பார்த்தார்.

“பெரியவர் அவர் வீட்டு வேலியைக் கழிச்சப்போ ஒரு கட்டை கொண்டு வந்தார். நல்லா வெளுப்பா, வழவழன்னு இருந்தது. பார்த்ததுமே சொல்லிட்டேன். கையுறை போட்டுக்கிட்டுச் செதுக்குங்க, அழகுக்கு மட்டும், அடுப்புக்குப் பக்கத்துலகூடக் கொண்டு போகாதீங்கன்னு. அவருக்கு நல்லாத் தெரியும்.”

“என்ன மரம்?”

“அரளி.”

டயர் கடையில் யாரோ இரும்பைக் கீழே போட்டார்கள். வாலு திடுக்கிட்டாள்.

“தூக்கி எறியச் சொல்ல வேண்டியதுதானே!” என்றாள்.

“எதுக்கு எறியணும்? நான்தான் துளை போடலையே?”

“துளை இல்லைன்னா விஷம்னு இந்தப் பட்டறைக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும்,” என்றார் சர்வேயர். “அவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு? வெளியே ஒருத்தருக்கும் தெரியாத எச்சரிக்கை யாரைக் காப்பாத்தும்?”

மாஸ்டர் சுவரில் தொங்கிய கரண்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

சர்வேயர் கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “துளையைப் பாருங்க. நீங்க போட்டிருந்தா எப்படி இருக்கும்?”

“துளை போட்டப்புறம்தான் எண்ணெய் பூசுவோம். உள்பக்கமும் பழுப்பா இருக்கும். இது உள்ளே வெள்ளையாவே இருக்கு. பின்னால மரம் பிய்ஞ்சிருக்கு. அடியில கட்டை வைக்காம அழுத்தியிருக்காங்க.” மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார். “உள்ளே சாம்பல் கலர்ல என்ன?”

வாலு ஒரு குச்சியால் சுரண்டினாள். மாவு போல உதிர்ந்தது.

“சிமென்ட்,” என்றாள். “பாஸ்! சுவத்துல போடற டிரில். சுவத்தைக் குடைஞ்ச கையோட கரண்டியையும் குடைஞ்சிருக்காங்க.”

“சுவத்துல எதுக்குக் குடைவாங்க?”

“கொக்கி மாட்ட.” அவள் முகம் மாறியது. “கொக்கியும் அவரே அடிச்சுக் குடுத்தார்னு அந்தம்மா சொன்னாங்களே.”

இருவரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். மகன், அப்பா யாரையும் தொட விடாத அலமாரியிலிருந்து ஒரே ஒரு கரண்டியை எடுத்திருக்கிறான். அதைச் சமையலறைக் கரண்டி ஆக்கியிருக்கிறான். கடையில் வாங்கியதாகப் பொய் சொல்லி, அப்பாவின் சூப்பைக் கிண்டும் கையில் கொடுத்திருக்கிறான். பிறகு அந்தக் கையையே போலீஸுக்குக் காட்டியிருக்கிறான்.

“பெத்த அப்பனை முடிச்சுட்டு, கட்டின பெண்டாட்டியை உள்ளே தள்ள,” என்றாள் வாலு. “ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. கல்லுகூட இல்லை, கரண்டி.”

சர்வேயர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். மகனின் போன் அணைக்கப்பட்டிருந்தது. நாத்தனாருடையதும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியின் பொது எண்ணில் ஒரு குரல் வரிசையில் காத்திருக்கச் சொல்லி, பாட்டுப் போட்டது.

இன்ஸ்பெக்டருக்கு இரண்டே வாக்கியம் சொன்னார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அந்தம்மாவையும் ஜீப்புல ஏத்திக்கிட்டு வாங்க,” என்றார் சர்வேயர். “கைது பண்ண இல்லை.”

*

மதியச் சந்தடியில் வாலு ஸ்கூட்டரை ஓட்டிய விதத்தை, பின்னால் உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டதால் விவரிக்க முடியாது. ஒரு தண்ணீர் லாரிக்காரர் அவர்களுடைய பரம்பரையைப் பற்றி உரக்க விசாரித்தது மட்டும் காதில் விழுந்தது.

“பாஸ், உயிரோட இருக்கீங்களா?”

“இப்போதைக்கு.”

“பிடிச்சுக்குங்க. முன்னால சிக்னல்.”

மூன்றாவது மாடி. லிஃப்ட் எங்கோ மேலே நின்றுவிட்டிருந்தது. படிகளில் வாலு முன்னால் ஓடினாள். காவலாளி கையை நீட்டினார். அவள் குனிந்து அந்தக் கையின் அடியில் புகுந்தாள். சர்வேயர் நின்று விளக்கம் சொன்னார். ஒரு விளக்கத்துக்கு ஒரு ஆள் போதும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மார்பில் ஒயர்கள். திரையில் பச்சைக் கோடு சோம்பலாக எழுந்து விழுந்தது. மகள் கையில் கிண்ணம் வைத்திருந்தாள். கட்டிலின் மறுபக்கம் மகன். அவன் கையில் ஃபிளாஸ்க்கின் மூடி. அதில் ஆவி பறந்தது.

அவன் அதை அப்பாவின் வாயருகே கொண்டுபோவான் என்று வாலு எதிர்பார்த்தாள். அதைத் தட்டிவிடும் தூரத்துக்குள் பாய்ந்தும்விட்டாள்.

அவன் அதைத் தன் வாயில் வைத்துக் குடித்தான்.

வாலு அப்படியே நின்றுவிட்டாள்.

“பாருங்கப்பா, நான் குடிக்கறேன் பாருங்க,” என்றான் அவன் அப்பாவிடம். “ஒண்ணுமே இல்லை. கொஞ்சம் கசக்குது, அவ்வளவுதான். தங்கச்சி பண்ணினதுப்பா. ஒரு வாய் குடிங்க.”

பெரியவர் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கீழே வைங்க!” வாலு மூடியைப் பறித்தாள். சூப் அவள் கையில் கொட்டியது. “எவ்வளவு குடிச்சீங்க?”

“யாருங்க நீங்க? ரெண்டு மூடி இருக்கும். அப்பா குடிக்க மாட்டேங்கறார். நேத்தும் இப்படித்தான், நான் குடிச்சுக் காட்டினப்புறம்தான் குடிச்சார்.” அவன் நெற்றி வேர்த்திருந்தது. மதிய வெயிலின் வேர்வை அல்ல அது. “எனக்கும் காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கலைல்ல.”

சர்வேயர் நர்ஸோடு உள்ளே வந்தார். கிண்ணத்தையும் ஃபிளாஸ்க்கையும் மகளின் கையிலிருந்து வாங்கி நர்ஸிடம் கொடுத்தார். பெரியவர் இன்று ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று மகள் பயந்துபோய் இரண்டு முறை சொன்னாள். அதன் பிறகுதான் சர்வேயர் மூச்சை விட்டார்.

“பாஸ், அவர் குடிச்சுட்டார்,” என்றாள் வாலு. “விஷம் வச்சவன் யாராவது ருசி பார்ப்பானா?”

“மாட்டான்.” அவர் பையிலிருந்த கரண்டியை மகன் முன்னால் பிடித்தார். “இதை எங்கே வாங்கினீங்க?”

அவன் முகத்தில் வந்தது பயமல்ல. வெட்கம்.

“இதுக்கா ஓடி வந்தீங்க?” என்றான். “அது... கல்யாண நாளை மறந்துட்டேன். சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு. மரக்கரண்டி வேணும், மரக்கரண்டி வேணும்னு அவ ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தா. அப்பா அலமாரியில சும்மாதானே கிடக்குன்னு ஒண்ணை எடுத்து, ஓட்டை போட்டு, பேப்பர் சுத்திக் குடுத்துட்டேன். அப்பா சமையலறைப் பக்கமே வர மாட்டார், தெரியவா போகுதுன்னு. கடையில வாங்கினேன்னு சொன்னேன். அவ அவ்வளவு சந்தோஷப்பட்டா. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

“அது அரளி மரம்.”

அவன் கரண்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“அப்பா,” என்றான்.

பெரியவரின் கண்கள் கரண்டியின் மேல் நின்றன. உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்ல முயன்றார். காற்று மட்டும் வந்தது. மகள் குனிந்து காதைக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“நான்தான் செஞ்சேன்னு சொல்றார்,” என்றாள்.

கதவருகே பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் மருமகள். நேற்று நின்ற அதே இடத்தில், அதே மாதிரி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

“அண்ணி,” என்று மகள் ஒரு அடி எடுத்து வைத்தாள். “நான் தப்பா...”

மருமகள் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். கோபமாக அல்ல. இப்போது வேண்டாம் என்பது போல.

மகன் எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். “தெரியாம நடந்துடுச்சும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா குடுப்பேனா?”

“கரண்டி தெரியாமக் குடுத்தீங்க,” என்றாள் அவள். “அது சரி. இந்த இன்ஸ்பெக்டர்கிட்ட என் பேரைத் தெரிஞ்சுதானே குடுத்தீங்க?”

இன்ஸ்பெக்டர் தொப்பியின் உள்பக்கத்தில் எதையோ தேடினார்.

இரண்டு ஆட்கள் பக்கத்துக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகனைப் படுக்க வைத்தார்கள். சட்டைப் பொத்தான்களை நர்ஸ் அவிழ்த்தாள், ஒயர்களை ஒட்டினாள். இன்னொரு திரையில் இன்னொரு பச்சைக் கோடு எழுந்து விழத் தொடங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டீர்கள், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். அந்த அறையில் அதைக் கேட்டுச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

நர்ஸ் நிமிர்ந்தாள். “ஒரு பேஷன்டுக்கு ஒருத்தர்தான் கூட இருக்கலாம். இவங்க ரெண்டு பேருக்கும் யார் யார் இருக்கப் போறீங்க?”

மகன் தலையணையிலிருந்து தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

மருமகள் உள்ளே வந்தாள். மாமனாரின் கட்டிலருகே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விலகியிருந்த போர்வையை அவர் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

“மாமாவுக்கு நான் இருக்கேன்,” என்றாள். “அவருக்கு அவர் தங்கச்சி இருக்கட்டும்.”